கூலண்ட் வேலை முடிந்தபின் இன்ஜின் சூடேறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ரேடியேட்டர் புதிதாக மாட்டியாயிற்று. அல்லது வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), ஒரு ஹோஸ், வெறும் கூலண்ட் மாற்றம் என்று ஏதோ ஒரு வேலை. பட்டறையிலிருந்து எடுத்து வந்த வண்டி சில கிலோமீட்டருக்குள்ளேயே கொதிக்கிறது. பணம் வீணாகத் தொடங்குவது இங்கேதான். தெர்மோஸ்டாட்டை மாற்று, பம்பை மாற்று, ஃபேன் மோட்டாரை மாற்று என்று பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். காரணம் மட்டும் அப்படியே இருக்கும்.

வேலைக்கு முன் சூடேறாத வண்டி வேலைக்குப் பின் சூடேறினால், கடைசியாகக் கை பட்ட இடம்தான் முதல் சந்தேகம். முன்பே சூடேறி, அதற்காகத்தான் அந்த வேலையே செய்தார்கள் என்றால் கணக்கு வேறு. பழைய காரணம் இன்னும் உள்ளே இருக்கலாம், அல்லது அந்தச் சூட்டிலேயே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். உங்கள் வண்டி இதில் எந்த வகை என்பதை ஸ்பேனரை எடுக்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். என்னென்ன கழற்றினார்கள், எந்தக் கூலண்ட், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று பட்டறையில் கேட்டு எழுதி வையுங்கள். அந்த லிட்டர் கணக்கு பின்னால் மிகவும் பயன்படும்.

இங்கே சொல்வதெல்லாம் நம் சாலைகளில் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு: எலெக்ட்ரிக் ஃபேன், முன்னால் ரேடியேட்டர், அலுமினிய ஹெட். சோதனைகளைச் செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கி அடுக்கியிருக்கிறோம். வரிசையை மாற்றாதீர்கள்.

டேஷ்போர்டின் வெப்ப முள் ஏறியவுடன்

முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை அதிகபட்சத்துக்குத் திருப்பி, ஜன்னல்களை இறக்குங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு சிறிய ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அதில் வரும் காற்று சூடாக இருக்கிறதா, குளிர்ச்சியாக இருக்கிறதா என்பதை மறக்காமல் கவனியுங்கள். முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலண்ட் ஹீட்டர் கோர் வரை வரவில்லை என்று பொருள். உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது கூலண்ட் குறைந்திருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை. இந்த ஒரு தகவலே பாதி நோயைச் சொல்லிவிடும்.

முள் இறங்காவிட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஆவி தெரிந்தாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அந்த இரண்டு கிலோமீட்டருக்குத்தான் அதிக விலை கொடுக்க வேண்டிவரும். பெரும்பாலான சிறிய கார்களில் சிலிண்டர் ஹெட் வளைவதற்கான அனுமதி 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கிறது, ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. வளையாமல் தப்பிய ஹெட்கூட அதில் வெடிக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரியில்கூடக் கொதிக்காமல் நிற்கும் கூலண்ட், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கல்லாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று அமுங்கி, இன்ஜின் கைசூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கலாம், அதுவும் தடித்த துணியால் மூடிக்கொண்டு மெதுவாக. சாவி எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுழலும் என்பதால் விரல்களை விலக்கியே வைத்திருங்கள். வடித்த கூலண்ட்டைத் தரையில் விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. தெருநாய் நக்கினாலும் குழந்தை வாயில் வைத்தாலும் சிறுநீரகம் போய்விடும்.

உண்மையிலேயே சூடாகிறதா?

டேஷ்போர்டு முள்ளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் அது நடுவில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. கூலண்ட் 80 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அதே இடத்தில்தான் நிற்கும். சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்கும் இடம்) ஈஎல்எம் 327 வகை ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால், மொபைல் செயலியில் கூலண்ட்டின் வெப்பநிலை டிகிரியில் தெரியும். 85 முதல் 100 வரை ஏறி இறங்குவது பெரும்பாலான இன்ஜின்களுக்கு இயல்பு. 105ஐத் தாண்டினால் கவனம் தேவை. 110ஐத் தாண்டினால் நிறுத்துங்கள்.

அதோடு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அதைக் காட்டினால் எண் மிகவும் குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளவு எடுங்கள். ரப்பர் ஹோஸ் மேல் நேராகவே எடுக்கலாம்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஓபிடி காட்டும் அளவும் தெர்மாமீட்டர் காட்டும் அளவும் பத்து டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஓபிடி 115 என்கிறது, ஹவுசிங் 88 என்றால் சென்சார் அல்லது அதன் கனெக்டரில் கோளாறு. வேலை நடந்தபோது கனெக்டர் சரியாக அமராமல் போயிருக்கலாம், தவறான சென்சாரை மாட்டியிருக்கலாம். வழக்கமான இரண்டு ஒயர் சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தால் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும்.

இதற்கு நேர்மாறான நிலைதான் ஆபத்து. சென்சாரின் முனை கூலண்ட்டில் நனைந்திருந்தால்தான் உண்மை அளவைச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால், ஹெட் கொதிக்கும்போதும் அது குறைவாகவே காட்டும், ஃபேனையும் ஓட விடாது. கூலண்ட் முழுவதும் ஒழுகிய வண்டியில் முள் கீழே இறங்குவதும் இதனால்தான்.

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி விடை

கிளம்பி ஐந்து, பத்து நிமிடத்திலேயே ஏறினால் கூலண்ட் ஓடவே இல்லை: ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று), மூடிக்கிடக்கும் தெர்மோஸ்டாட், அல்லது வேலை செய்யாத பம்ப். டிராஃபிக்கில் ஏறி, அறுபதில் ஓட்டும்போது இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை, ஃபேனைப் பாருங்கள். டிராஃபிக்கில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டதும் அல்லது மலைப்பாதையில் முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ் ஒட்டிக்கொள்வது, பம்பின் பலவீனம், கசியும் ஹெட் கேஸ்கெட் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. முள் ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறினால் காற்றுக்குமிழி சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏர் லாக்: முதல் குற்றவாளி

கூலண்ட் மாற்றிய வேலைக்குப் பின் சூடேறும் வண்டிகளில் வேறு எதையும் தொடும் முன் இதைத்தான் தீர்க்க வேண்டும். கூலண்ட் வடியும்போது அந்த இடத்தில் காற்று நுழைகிறது. திரும்ப ஊற்றும்போது அந்தக் காற்று உயரமான இடங்களில், அதாவது ஹெட்டின் மேல்பகுதி, தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹீட்டர் கோர் ஆகியவற்றில் மாட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் மெழுகு உருகினால்தான் வால்வு திறக்கும். அந்த மெழுகுக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது கூலண்ட். சுற்றிலும் காற்று இருந்தால் சூடு சரியாகப் போய்ச் சேராது, வால்வு திறக்காது, ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கும், ஹெட் கொதிக்கும். பம்பும் காற்றைத் தள்ளாது; அதன் இறக்கைகள் திரவத்துக்காகச் செய்யப்பட்டவை.

இப்போது அந்த லிட்டர் கணக்கு. உங்கள் காரின் மேனுவலில் கூலண்ட் கொள்ளளவு இருக்கும். 4.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் முழுவதும் வராது; பாதியோ சற்றுக் கூடவோ வரும், மீதி பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் நிற்கும். வடித்தது 2.5 லிட்டர், ஊற்றியது 1.5 லிட்டர்தான் என்றால், மிச்ச ஒரு லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. வேறு விளக்கம் தேட வேண்டாம். பட்டறையில் கேட்டு எழுதியதும் பில்லில் உள்ளதும் இங்கே உதவும்.

காற்றை எடுக்கும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். மாருதி ஆல்டோ, வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10 போன்றவற்றில் ரேடியேட்டரின் தலையிலேயே அழுத்த மூடி இருக்கும். பக்கத்தில் உள்ள ரிசர்வ் டேங்க்கில் அழுத்தம் இருக்காது. ஃபோக்ஸ்வாகன் போலோ, ஃபோர்டு ஃபிகோ போன்றவற்றில் ரேடியேட்டரில் மூடியே கிடையாது. எக்ஸ்பான்ஷன் டேங்க்கின் மூடிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. முதல் வகையில் ரேடியேட்டர் வாய் வழியாகவே ஊற்ற வேண்டும். டேங்க்கில் மட்டும் ஊற்றிவிட்டு "ஃபுல் ஆயிடுச்சு" என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும்.

காற்றை எடுக்கும் முறை இது. இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும்.

1. மூடியின் வாய்தான் கூலண்ட் பாதையில் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கி வைத்து உயர்த்தி, ஸ்டாண்டு கொடுங்கள். அல்லது மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.
2. ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். ஹீட்டர் வால்வு உள்ள வண்டிகளில் இதைச் செய்யாவிட்டால் ஹீட்டர் கோரின் காற்று வெளியே வராது. ப்ளோயரை ஒன்றில் வைத்தால் போதும்.
3. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்று எடுக்கும் திருகு இருக்கிறதா என்று தேடுங்கள். பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ சிறியதாக இருக்கும். இருந்தால் தளர்த்துங்கள். பிளாஸ்டிக் திருகு பழையதானால் சுலபமாக உடையும், பார்த்துத் திருப்புங்கள்.
4. கூலண்ட்டை மெதுவாக ஊற்றுங்கள், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதும். வேகமாக ஊற்றினால் கீழே போகும் கூலண்ட்டே மேலே வரும் காற்றின் வழியை அடைத்துவிடும். இடையிடையே மேல் ஹோஸை அழுத்தி விடுங்கள். குமிழி வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.
5. திருகில் குமிழி இல்லாமல் கூலண்ட் மட்டும் வரும்போது அதை மூடுங்கள்.
6. மூடியைப் போடாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். வாயில் இறுக்கமாக உட்காரும் பெரிய புனல் இருந்தால் அதில் பாதி நிரப்பி வையுங்கள்; மட்டம் இறங்கினாலும் காற்று உள்ளே போகாது.
7. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும். கீழ் ஹோஸ் திடீரென்று சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். உடனே நிரப்புங்கள்.
8. 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் வைத்து, ஐடிலுக்கு விடுங்கள். இப்படிச் சில முறை. ஐடிலுக்கு வரும்போது கூலண்ட் பொங்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.
9. ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வர வேண்டும். ஐடிலில் குமிழி நின்ற பிறகு நிரப்பி மூடுங்கள்; டேங்க்கில் மேல் கோடு வரை ஊற்றுங்கள்.
10. அருகிலேயே ஒரு சுற்று ஓட்டி, இரவு முழுவதும் ஆற விட்டு, காலையில் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

முதல் காலையில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மூன்று முறை செய்தும் குமிழி நிற்கவில்லை என்றால் அது வெளியிலிருந்து வந்த காற்றாக இருக்காது. கீழே ஹெட் கேஸ்கெட் பகுதிக்குப் போங்கள். வசதியுள்ள பட்டறைகளில் வேக்கம் ஃபில்லர் இருக்கும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடத்தாலேயே கூலண்ட்டை இழுக்கும். பிடிவாதமான வண்டிகளுக்கு அதற்குக் கொடுக்கும் கூலி தகும். வேக்கம் சில நிமிடம் நிற்காமல் முள் இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது என்பதையும் அதே கருவி சொல்லிவிடும்.

மூடி

சிறிய பொருள், யாரும் சந்தேகப்படாத பொருள். கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் (அழுத்தத்தின் அலகு) மூடியின் கீழ் அதே தண்ணீர் கொதிக்க 118 டிகிரி வேண்டும். பாதிக்குப் பாதி கிளைகால் கலவையும் 1.1 பார் மூடியும் என்றால் 129 டிகிரியை ஒட்டி. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும் வண்டியில் இது பளிச்சென்று தெரியும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், அங்கே அழுத்தமில்லாத தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். கீழே ஒழுங்காக ஓடிய வண்டி, இன்ஜினில் வேறு குறை ஏதும் இல்லாமலே, மேலே போய்ப் பொங்கும்.

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தத்தைத் தாங்கும். நடுவில் உள்ள சிறியது, இன்ஜின் ஆறும்போது டேங்க்கிலிருந்து கூலண்ட்டைத் திரும்ப இழுக்கும். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக் கிடக்கும், டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். டேங்க்குக்குப் போகும் மெல்லிய குழாயில் கீறல் இருந்தாலும், அதன் முனை திரவத்துக்குள் முங்காமல் இருந்தாலும் கூலண்ட்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். ஒவ்வொரு இரவும் புதிதாக ஒரு ஏர் லாக்.

மூடியின் மேல் அச்சிட்ட எண் உங்கள் காருக்கு உரியதா என்று பாருங்கள். 1.1 வர வேண்டிய இடத்தில் 0.9 போட்டால் சீக்கிரம் பொங்கும். கூடுதல் எண்ணைப் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரமும் தாங்காது. சந்தேகம் இருந்தால் கம்பெனி மூடி ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். பாகத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று நாங்கள் சொல்லும் ஒரே இடம் இது.

தெர்மோஸ்டாட்

வண்டி கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்பார்கள். இதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அது பைபாஸ் பாதையை அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். சூடான கூலண்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு தணிவதற்குப் பதில் கூடும். அப்படி நடக்காத வண்டிகளில் இன்ஜின் சூடாகவே மாட்டாது. கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் விழும், ஆயிலில் கசடு சேரும்.

புதிதாகப் போட்டதைச் சோதிப்பது எளிது. வால்வைக் கையால் சற்றுத் திறந்து அதன் இடுக்கில் ஒரு நூலைச் சிக்கவிட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி ஒரு பாத்திரத் தண்ணீரில் முக்குங்கள். பாத்திரத்தின் அடியில் தொடக்கூடாது. கூடவே ஒரு தெர்மாமீட்டர். அடுப்பை மெல்ல ஏற்றுங்கள். வால்வு திறக்கும் கணத்தில் தெர்மோஸ்டாட் நூலை விட்டு நழுவி விழும். அப்போதைய வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் 82 அல்லது 88 என்று அடித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு, மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் தளதளக்கும்போது வால்வு 8 மி.மீ. அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். நூலிழை மட்டும் திறந்தால் அதைப் போடாதீர்கள்.

மாட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் சூடான கூலண்ட் அதைத் தொடாது. விளிம்பில் ஆடும் சிறிய ஊசி இருந்தால் அது பன்னிரண்டு மணி நிலையில், மிக மேலே வர வேண்டும். சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் கசிந்து போகும். ஹவுசிங்கில் சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருந்தால் உள்ளே பிதுங்கிய துண்டுகள் கழன்று ரேடியேட்டர் குழாய்களில் போய் அடைக்கும். ஓ-ரிங் இருக்கும் இடத்துக்குப் பேஸ்ட் தேவையே இல்லை. கூலண்ட் சிந்தாமல் இருக்க வாயில் திணித்த துணியை எடுக்க மறந்த வேலைகளும் உண்டு. கழற்றியபோது டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஃபேன்

ரேடியேட்டர் கழற்றும்போது ஃபேனும் கூடவே இறங்கும். ஏசியைப் போடுங்கள், ஃபேன் உடனே ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு ஓடாவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சார் பக்கம் பிரச்சினை, அல்லது சென்சாரைச் சுற்றிக் காற்று. இன்ஜின் ஓடும்போது கூலண்ட் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினால் பல கார்களில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட விடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

ஓடினால் மட்டும் போதாது, எந்தத் திசையில் காற்று போகிறது என்பதைப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள ஃபேன் முன்னிருந்து காற்றை இழுக்க வேண்டும். கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள்; உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஒயர் மாறியிருக்கிறது. வெட்டி ஒட்டிய கனெக்டர் உள்ள வண்டிகளில் இது நடக்கும். இப்படிச் சுழலும் ஃபேன், வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டும்.

ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையும், ஓரங்களில் உள்ள ஸ்பாஞ்ச் பட்டைகளும் திரும்ப வந்திருக்கின்றனவா? அவை இல்லாவிட்டால் ஃபேன் பின்னாலிருக்கும் சூடான காற்றையே சுற்றி இழுக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் சேரும் மண், பூச்சி, பஞ்சு ஆகியவை முன்னிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் துடுப்புகளை மடக்கிவிடும்.

ஓட்டம்: பம்ப், ஹோஸ், ரேடியேட்டர்

தெர்மோஸ்டாட் திறந்து, ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளங்கள். மேலே 95, கீழே 80 முதல் 88 என்றால் நன்றாக ஓடுகிறது. மேலே 105, கீழே 45 என்றால் கூலண்ட் நகரவில்லை. இரண்டுமே 100ஐ ஒட்டி நின்றால் கூலண்ட் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை. ஃபேன் பகுதிக்குத் திரும்புங்கள். ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்தால் ஒரு மூலை மட்டும் 20 டிகிரி குளிர்ந்திருக்கும் இடத்தில் குழாய்கள் அடைத்திருக்கின்றன. லீக் அடைக்கும் பவுடர் போட்ட வண்டிகளில் இதை முதலில் பாருங்கள்.

பம்ப் மாற்றிய வண்டியில் பெல்ட் சரியான வழியில் போகிறதா என்று பாருங்கள். பெல்ட்டின் முதுகுப்பக்கம் ஓட்ட வேண்டிய பம்பை உட்பக்கம் ஓட்டினால் அது எதிர்த்திசையில் சுழலும். பழைய பம்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து இறக்கைகளின் வளைவு ஒன்றாக இருக்கிறதா என்று மாட்டும் முன்பே பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்பானால் இன்னொரு கோணமும் உண்டு: பெல்ட் ஒரு பல் தவறியிருந்தாலும் வண்டி ஓடும், இழுவை குறையும், சூடு கூடும். இழுவை குறைந்ததா என்று உரிமையாளரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ஒருவரை 3000 ஆர்பிஎம் வரை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லி அந்த ஹோஸைப் பாருங்கள். தட்டையாக ஒட்டினால் ரப்பர் தொய்ந்துவிட்டது, அல்லது உள்ளே இருக்க வேண்டிய கம்பிச்சுருளை எடுத்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் வண்டிக்கு இது மிகப் பொருத்தமான காரணம்.

கூலண்ட் கலவை

கான்சன்ட்ரேட்டை (தண்ணீர் கலக்காத கூலண்ட்டை) அப்படியே ஊற்றிவிட்டால் வண்டி சூடேறும். கிளைகாலின் வெப்பம் ஏற்கும் திறன் தண்ணீரில் பாதியை விடச் சற்றே கூடுதல்தான்; கெட்டியாகவும் இருக்கும். டப்பாவில் "நேரடியாக ஊற்றலாம்" என்று இருக்கிறதா, கலக்கச் சொல்லியிருக்கிறதா என்று படியுங்கள். மறுபக்கம், பச்சைத் தண்ணீரில் ஃபிளஷ் செய்து, பிளாக்கில் 2 லிட்டர் தண்ணீர் நிற்க, அதன்மேல் 2.5 லிட்டர் பாதிக்குப் பாதி கலவையை ஊற்றினால் மொத்தத்தில் 28 சதவீதம்தான் கிளைகால். துருத் தடுப்பு போதாது. ஃபிளஷுக்குப் பின் முதலில் கான்சன்ட்ரேட்டை அளந்து ஊற்றி, பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நிரப்புவதே முறை. போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. அதன் சுண்ணாம்பு ஹெட்டின் மிகச் சூடான இடங்களில்தான் முதலில் படியும். நிறத்தை நம்பி இரண்டு கூலண்ட்டைக் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஹெட் கேஸ்கெட்

மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்து இன்னும் சூடேறினால் இதைச் சோதியுங்கள். முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். இரவு முழுவதும் ஆறிய இன்ஜினை மூடி போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில், கூலண்ட் வெதுவெதுப்பு ஆவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டர் வாயு உள்ளே நுழைகிறது. சூட்டால் மட்டும் அவ்வளவு சீக்கிரம் அழுத்தம் வராது. குமிழியிலும் வித்தியாசம் தெரியும். சிக்கிய காற்று பெரிய குமிழிகளாக வந்து படிப்படியாக நிற்கும். கேஸ்கெட் வாயு சிறு குமிழிகளாக ஓயாமல் வரும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடும்.

உறுதிப்படுத்த பிளாக் டெஸ்டர் வேண்டும். ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுத்தால், சிலிண்டரில் எரிந்த வாயு இருந்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். திரவத்துக்குள் கூலண்ட் ஏறினால் சோதனை கெட்டுவிடும். மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு வழி: ஆறிய இன்ஜினில் பிரஷர் டெஸ்டரால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், கசியும் சிலிண்டரின் பிளக் நனைந்திருக்கும். உள்ளே டார்ச் அடித்தால் மற்ற பிஸ்டன்கள் கறுத்திருக்க, அது மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போலப் படிவது மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் அது சாதாரணமாகவும் வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் கவலை.

ஹெட் இறங்கினால் ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டங்கள் என்று ஆறு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ. கேஜ் நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்ய வேண்டும். கூடவே வெடிப்புக்கான அழுத்தச் சோதனையும். ஃபேசிங் மட்டும் செய்துவிட்டு வெடிப்பைப் பார்க்காமல் ஏற்றிய ஹெட் மறுபடி இறங்கும். இறுக்கும்போது நீளும் வகை போல்ட்டுகள் உள்ள இன்ஜினில் பழைய போல்ட்டை மறுபடி போடக்கூடாது. கேஸ்கெட்டின் பக்கமும் முக்கியம். சில இன்ஜின்களில் கேஸ்கெட்டில் உள்ள துளைகளின் அளவுதான் கூலண்ட் கடைசி சிலிண்டர் வரை போவதை உறுதிசெய்கிறது. திருப்பி வைத்தால் கூலண்ட் குறுக்கு வழியில் திரும்பிவிடும், ஒரு சிலிண்டர் மட்டும் தீயும். ஹெட் வேலை முடிந்த உடனே சூடேறும் வண்டியில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சரிசெய்த பின் ஒரு வாரம்

தினமும் காலையில், ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் வாயிலும் டேங்க்கிலும் மட்டத்தைப் பாருங்கள். டேங்க்கில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் ஊகிக்க வேண்டியிருக்காது. முதல் இரண்டு நாள் ஐம்பது, நூறு மில்லி இறங்கலாம். மூன்றாவது நாளும் இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. பிரஷர் டெஸ்டரை ஏற்றி, முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். இறங்கியும் கீழே சொட்டு தெரியாவிட்டால் முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாசனையும் இருந்தால், ஏசி போடும்போது கண்ணாடியில் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிந்தால், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதுவும் இல்லையென்றால் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் காய்ந்த கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். சூட்டில் சொட்டி உடனே காய்ந்துவிடுவதால் தரையில் அது தெரிவதே இல்லை.